இல்லாத இடமும் தேடாத இடமும்: மேற்குத் தொடர்ச்சி மலையின் பரவல் வரைபடங்கள்

ஒரு பறவை வாழும் பரப்பை ஒற்றைக் கோட்டால் வளைத்து உள்ளே நிறம் தீட்டும் வரைபடம் இருவகைப் பிழைகளைச் செய்கிறது. கோட்டுக்குள்ளே, பறவை இல்லாத இடத்தையும் அது வாழும் இடமாகக் காட்டுகிறது. வெளியே, எவரும் தேடாத இடத்தை அது இல்லாத இடமாகக் காட்டுகிறது. இரண்டையும் 'தரவுக் குறைபாடு' என்று ஒரே பெயரில் அடக்கக் கூடாது என்பதே என் வாதம். முதற்பிழை, உயிரினம் நலமாக இருப்பதாக நம்பவைக்கிறது. இரண்டாவது, அதன் வாழிடத்தை அழிக்க வழிவிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளான நீலகிரிச் சிரிப்பானும் நீலகிரிச் சோலைக்கிளியும் அதன் உயர்ந்த பகுதிகளின் சோலைக்காடுகளையும் அவற்றின் ஓரங்களையும் சார்ந்தவை. இடைப்பட்ட பள்ளத்தாக்குகளையும் சேர்த்து வளைத்தால் பரப்பு பெருகிவிடும். ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்கும், பிறகு 5,000க்கும் கீழே குறையும்போது ஆபத்து நிலை உயரக்கூடும். கோடு தாராளமாக விழுந்தால் ஆபத்து குறைவாகத் தெரியும். இம்மலைக்கே உரிய 18 பறவையினங்களை இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தின் பதிவுகளைக் கொண்டு விஜய் ரமேஷும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் மறுபரிசீலனை செய்தபோது, 17 இனங்களின் பரப்பு மிகைப்படுத்தப்பட்டிருந்தது தெரிந்தது. அதே ஆண்டு வி. வி. ராபின் குழுவினர், பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் பிரித்துவைத்த சோலைக்கிளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, அகத்தியமலைப் பகுதியில் வாழ்வதைத் தனி இனமாக விவரித்தனர். பறவை எதுவும் இடம்பெயரவில்லை. ஆனாலும் இனங்களின் எண்ணிக்கை கூடியது, பழைய இனத்தின் பரப்பு சுருங்கியது. எதை ஓரினம் என்று கொள்கிறோம் என்பதிலுள்ள ஐயமும் வரைபடத்தின் ஐயமே.

இரண்டாவது பிழையைப் பதிவுகளைக் குவிப்பதால் மட்டும் போக்கிவிட முடியாது. பறவை பார்ப்போர் சாலையோரத்திலும் தங்கும் விடுதிகளைச் சுற்றியுமே மிகுதியாகப் பதிவு செய்கிறார்கள். ஒரு வருகையில் கண்ணில் படும் வாய்ப்பு 30 விழுக்காடு மட்டுமே உள்ள பறவை, அங்கேயே வாழ்ந்தாலும், மூன்று வருகைகளிலும் தப்பிவிடும் வாய்ப்பு 34 விழுக்காடு. ஒன்பது முறை சென்றால்தான் அது 4 விழுக்காடாகக் குறையும். இம்மலைக்கு வெளியே, ஆந்திரத்தின் ஜெர்டன் கோர்சர் என்ற பறவை 1900க்குப் பிறகு அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1986இல் கடப்பா மாவட்டத்துப் புதர்க்காட்டில், உள்ளூர் வேட்டையாடி ஒருவரின் துணையால் அது மீண்டும் கிடைத்தது. இரவாடியான அப்பறவை எங்கே நடமாடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

கேரளப் பறவை அட்லஸ் (2015–2020) மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஆண்டின் இரு பருவங்களில், ஒரே அளவு நேரம் செலவிட்டுக் கணக்கெடுத்தது. அதனால் அங்கே ஒரு வெற்றுக் கட்டத்துக்கும் பொருளுண்டு. இரவாடிகளுக்கு இம்முறை பொருந்தாது என்றாலும், தேடிய அளவு வெளிப்படையாக இருப்பதால் அந்தக் குறையையும் கணக்கில் கொள்ள முடிகிறது.

வரைபடத்தின் ஐயத்தை வெளியிட்டால், மலையில் திட்டங்களைக் கொண்டுவருவோர் அதையே சாக்காக்குவார்கள் என்ற அச்சம் உண்டு. இன்று அவர்களுக்கு உதவுவது ஐயம் மறைக்கப்படுவதுதான். மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தின் தரவைக் கொண்டு பல திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு எழுதப்படுகிறது. இம்மலைத் தவளைகளில் பெரும்பாலானவை குரலெழுப்புவதோ மழையில். 2003இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, தொடக்க மழையையொட்டிச் சில நாட்களே வெளிவரும். பிப்ரவரியில் எடுத்த பட்டியலில் அதைக் காணாவிட்டால், 'இல்லை' என்று எழுத மதிப்பீட்டாளருக்கு உரிமையில்லை. 'தேடவில்லை' என்று எழுத வேண்டும். எந்த நாட்களில், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் தேடினார்கள் என்ற விவரம் இல்லாத பட்டியலைத் திட்டத்துக்கு அனுமதி வழங்கும் குழு திருப்பி அனுப்ப வேண்டும்.