ஏடாக்: வரைபடத்தில் ஒரு குழு

'ஏடாக்' அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் 2010-இல் உருவாகத் தொடங்கிய ஆண்ட்ராய்டு செயலி. குழுவினர் ஒவ்வொருவரும் இருக்கும் இடத்தை மற்றவர்களின் கைபேசி வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும். பொதுமக்களுக்கான பதிப்பை அங்கே காட்டுத்தீ அணைப்பவர்களும், காணாமற்போனவர்களைத் தேடுபவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

இணைக்க இருவழிகள் உண்டு. முதலாவது, டாக் சர்வர். அதன் முகவரி, போர்ட் எண் (வழக்கமாக 8089), சான்றிதழ் ஆகியவை தேவை. தூரம் பொருட்டல்ல, ஆனால் இணையம் அறுந்தால் புள்ளிகள் நகரா.

இரண்டாவது, மெஷ்டாஸ்டிக். சிறிய லோரா வானொலிக் கருவியைப் புளூடூத் வழியாகக் கைபேசியுடன் இணைத்து, அதற்குரிய பிளக்-இன்னையும் நிறுவவேண்டும். எல்லாக் கருவிகளிலும் சேனலும் சாவியும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றின் செய்தியை அடுத்தது வாங்கி அனுப்புவதால் கைபேசிக் கோபுரம் வேண்டியதில்லை. இருப்பிடமும் குறுஞ்செய்தியும் போகும், காணொளி போகாது.

இரண்டையும் புறப்படுமுன்பே அமைத்துச் சோதிக்குமாறு சொல்வேன். புள்ளியைப் பார்க்கும்போது அது வந்த நேரத்தையும் பாருங்கள். பழைய புள்ளியை நம்பிப் போனால், தேடப்படுபவர் அங்கே இருக்கமாட்டார்.