கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்தரகும் உரிமமும்

1895இல் முல்லைப் பெரியாறு அணை நீர் கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டபின் நன்செய் நிலங்களின் மதிப்பு உயர்ந்தது. ஆயினும் விற்போரையும் வாங்குவோரையும் இணைத்துத் தரகு பெறுபவரின் தொழில், நெடுங்காலம் எந்த உரிமமுமின்றி வாய்ச்சொல்லின் நம்பிக்கையிலேயே நடந்தது. பத்திரம் எழுதுவோருக்கு 1982ஆம் ஆண்டின் ஆவண எழுத்தர் உரிம விதிகள் வரம்பு வகுத்தபோதும் தரகர் அவற்றுக்கு வெளியிலேயே நின்றார். 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், பதிவு செய்யப்பட்ட மனைத்திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவரும் பதிவு பெறவேண்டும் என்று விதித்தது. ஆனால் பயிற்சியையோ தேர்வையோ அது கட்டாயமாக்கவில்லை. தனித்தனியே கைமாறும் வயலும் திராட்சைத் தோட்டமும் மனைத்திட்டம் ஆகாமையால், கம்பம் பள்ளத்தாக்கு அடங்கிய தேனி வட்டாரத்தின் வேளாண் நிலத்தரகு பெரும்பாலும் அச்சட்டத்துக்குள் வருவதில்லை.

மகாராஷ்டிரம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தகுதித் தேர்வையும் கட்டாயமாக்கியது. தமிழகமும் அவ்வழியில் சென்று வேளாண் நிலத்தரகையும் அவ்விதிக்குள் கொண்டுவந்தால், தொலைவிலுள்ள சிற்றூர்த் தரகருக்கு அஞ்சல்வழிக் கல்வியே எளிய வாயிலாகும். 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அம்முறையை மதுரைப் பல்கலைக்கழகமும் பின்னர் மேற்கொண்டது. தரக்குறைவான மையங்கள் பெருகாதிருக்க 1991இல் தொலைநிலைக் கல்விக் குழுவும், 2013க்குப்பின் பல்கலைக்கழக மானியக் குழுவும் கண்காணிப்பை ஏற்றன. பல்கலைக்கழகப் பட்டத்துக்குத் தேவைப்பட்ட அக்கண்காணிப்பு தொழிற்பயிற்சிக்கும் தேவை. ஏனெனில், நிலத்தின் முந்தைய பதிவுகளையும் அடமானத்தையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பிழையறப் படிக்கத் தெரியாத தரகரால் ஓர் உழவுக் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பே அழிந்துவிடக்கூடும்.