எரிந்த மதுரையும் மூழ்கிய புகாரும்

ஊரும் ஒழுங்கும் குலைந்தபின் மனிதர் தம்மை இன்னார் என்று எதைக் கொண்டு சொல்லிக்கொள்வார்கள்? இன்றைய மிகைபுனைவு நாவல்கள் விரும்பிக் கையாளும் கேள்வி இது. டோல்கீன் நூமெனோர் தீவைக் கடலில் அமிழ்த்தினார். தப்பியவர்களின் வாரிசுகளோ அந்த வம்சப் பெருமையைத் தலைமுறை தலைமுறையாக இறக்கி வைக்கவே இல்லை. தமிழில் இதே கேள்விக்கு இரு பழைய நூல்கள் இரு வேறு விடைகளைத் தருகின்றன. உ.வே.சா. சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். சிலம்பில் மதுரை எரிகிறது. மணிமேகலையில் புகார் மூழ்குகிறது. இரட்டைக் காப்பியங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு அழிவுகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது குறைவு.

காரணத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். ஊடிய அரசியைத் தேற்றப் போகும் வேகத்தில் பாண்டியன் கோவலன் மேல் விழுந்த திருட்டுப் பழியை விசாரிக்க மறந்தான். கப்பல் கவிழ்ந்து பீலிவளை பெற்ற தன் குழந்தை தொலைந்த துக்கத்தில் சோழன் இந்திர விழாவை மறந்தான். அவசரம் ஒருவனுக்கு, ஏக்கம் மற்றவனுக்கு. பகைவர் படை எதுவும் இவ்விரு நகரங்களையும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அழிக்கும் முறையில்தான் வழி பிரிகிறது. மதுரையின் தீ ஆள் பார்த்து எரிகிறது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடு என்று கோவலனின் மனைவி கண்ணகி தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். நால்வகை வருணத்துக்கும் உரிய நான்கு பூதங்களும் ஊரைவிட்டு வெளியேறிவிடுகின்றன. காவல் தெய்வங்களே கிளம்பிப் போனபின்னும் தரவரிசை மட்டும் தீயின் கையில் பட்டியலாக மிஞ்சுகிறது. புகாரின் கடலுக்கோ பட்டியலே இல்லை. அது யாரையும் கேட்பதில்லை, யாரையும் ஒதுக்குவதில்லை. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் தப்பி வந்த செய்தியை வஞ்சியில் மணிமேகலைக்குச் சொல்பவன் அவளுடைய பாட்டனான மாசாத்துவான். பெருவணிகனாக இருந்தவன் அங்கே துறவியாக இருக்கிறான்.

மணிமேகலையில் பட்டியல் வேறிடத்தில் வருகிறது. பஞ்சத்தில் வாடிய காஞ்சியில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை ஏந்தி மணிமேகலை நிற்கும்போது, பதினெட்டு மொழி பேசும் மக்கள் வந்து மொய்க்கிறார்கள். அவர்களில் பார்வையற்றோர், காது கேளாதோர், கால் முடமானோர், பேச இயலாதோர், நோயுற்றோர், வறியோர் என்று வரிசை நீள்கிறது. விலங்குகளும் அதில் உண்டு. மதுரையின் பட்டியல் பெரிதும் ஒருவருக்கு என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தது: குலம், ஒழுக்கம், கற்பு. காஞ்சியின் பட்டியல் ஒருவருக்கு என்ன இல்லை என்பதைப் பார்க்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்துகொண்டு இப்பகுதியை வாசிப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. செங்கல்பட்டில் தடம் மாறினால் ரயில் காஞ்சிக்கே போய்விடும். இந்தப் பக்கம் ஒரகடம் சாலை பிரியும் இடத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நின்றால், இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கு எல்லாம் ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருக்கின்றன. அறையில் கூடத் தங்குபவனோ ஆட்டோக்காரரோ முதலில் கேட்பது ஊரைத்தான், பெயர் அப்புறம். காஞ்சியில் மணிமேகலை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆனால் சிலம்பு பழமையின் பக்கம், மணிமேகலை புதுமையின் பக்கம் என்று தீர்ப்பெழுத நூல்கள் விடுவதில்லை. கண்ணகியின் பட்டியலில் முதியோரும் குழந்தைகளும் இருப்பது குலத்தால் அல்ல, இயலாமையால். மறுபுறம், பேதம் பாராமல் ஊட்டும் அமுதசுரபியில் முதல் பிச்சையை யார் இடுவது என்ற கேள்வி எழும்போது, கற்பில் சிறந்த ஆதிரையிடம் போ என்கிறாள் காயசண்டிகை. ஆதிரை யார்? கணவன் சாதுவன் கடலில் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கியவள். தீ அவளைச் சுடவில்லை. எனக்கு வியப்பளிக்கும் உறவு இதுதான். மதுரையை எரித்த தீக்கும் புகாரில் எரிக்க மறுத்த தீக்கும் ஒரே கண். பத்தினி என்றால் இரண்டும் விலகி நிற்கின்றன. சாதி, குடி, ஊர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பௌத்தக் காப்பியத்தாலும் இந்த ஓர் அடையாளத்தைக் கழற்ற முடியவில்லை.

இனி நாயகியர். பாண்டியன் அவையில் கண்ணகி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை அலாதியானது. புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன், அவர்கள் ஆண்ட புகார், அங்கே மாசாத்துவான், அவன் மகன் கோவலன், கடைசியில்தான் தன் பெயர். மதுரை எரிந்தபின் மலையில் குறவர்கள் அவளைப் பார்த்து, யார் நீ என்கிறார்கள். இப்போது பெயர் இல்லை, குடி இல்லை, புகாரும் இல்லை. மதுரையோடு அதன் அரசும் கெட, வினை வந்து மூண்டபோது கணவனை இழந்தவள் என்ற அளவில் முடித்துக்கொள்கிறாள். இரண்டு பதில்களுக்கும் நடுவே ஒரு நகரம் எரிந்திருக்கிறது. குறவர்கள் மேற்கொண்டு விசாரிக்காமல் அவளைத் தெய்வம் என்று கொண்டாடுகிறார்கள்.

மணிமேகலைக்கு அறிமுகம் தேவைப்பட்டதே இல்லை. அதுதான் அவள் சிக்கல். அவளை விரும்பும் இளவரசன் உதயகுமரனுக்கும் பாட்டி சித்திராபதிக்கும் அவள் மாதவி மகள், கணிகைக் குடியினள், அவ்வளவே. ஆகவே அவள் உருவையே மாற்றுகிறாள். புகாரில் காயசண்டிகையாக, வஞ்சியில் சமயவாதிகளின் வாதங்களைக் கேட்கும் ஆண் துறவியாக. எங்கள் ஊர்க் குடைவரையில் அர்ச்சகர் தீபாராதனையின்போது பாடலாத்ரி நரசிம்மரின் திருநாமத்தைச் சற்றே உயர்த்தி, அடியிலுள்ள நெற்றிக்கண்ணைக் காட்டுவார்; மணிமேகலையின் வேடங்களும் அப்படி மேலே ஒட்டியவைதான். அடியில் இருப்பதாக நூல் காட்டுவது இலக்குமி என்ற முற்பிறவி. இங்கும் ஒரு சந்திப்பு உண்டு. எரியும் மதுரையின் தெய்வம் கண்ணகிக்குச் சொல்வதும் கோவலனின் முற்பிறவியைத்தான். இந்தப் பிறவியின் குடும்பமும் ஊரும் கைவிட்டதும், இரு நூல்களும் முந்தைய பிறவியிடம் போய் முகவரி கேட்கின்றன.

சிலம்பில் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. அழிவுக்குப்பின் ஆட்சிக்கு வந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிடுகிறான். கோவலன் மேல் பொய்ப் பழி சொன்ன அந்த ஒரு பொற்கொல்லனுக்கு நூலில் பெயரே கிடையாது. தொழிலே அவன் பெயர். தண்டனை தொழிலின் மேல் விழ அது வசதியாகிவிடுகிறது. தீயிடம் இருந்த பட்டியலில் ஓர் இரக்கமாவது இருந்தது. அமைதி திரும்பியபின் அரசு எழுதிய பட்டியலில் அதுவும் இல்லை.

மணிமேகலையில் இதற்கு நேர்மாறான காட்சி, புகார் மூழ்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. காயசண்டிகையின் கணவனான விஞ்சையன் காஞ்சனன் இளவரசன் உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். சோழ அரசன் எந்தக் கூட்டத்தின்மேலும் பாயவில்லை. நான் செய்திருக்க வேண்டிய தண்டனையை விஞ்சையன் செய்துவிட்டான் என்கிறான். மகனையே தண்டித்த மன்னன் வழியில் இப்படி ஒருவன் பிறந்தான் என்ற செய்தி மற்ற வேந்தர் காதுக்கு எட்டுமுன் ஈமக்கடனை முடிக்கச் சொல்கிறான். அவன் நினைத்துக்கொள்வது, பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊர்ப் பெருமையாகச் சொன்ன அதே தேர்க்கால் சோழனைத்தான்.