குதிரை வந்தது, லாடக்காரர் வரவில்லை

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறையில் இறங்கிய சரக்குகளிலே விலை கூடியது குதிரை. ஹோர்முஸ், கிஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாக வந்தது. பாண்டிய மன்னரும் சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கியதாகவும், வருடக் கடைசியில் அவற்றில் 100 கூட மிஞ்சாது என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், இந்தியத் துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரை வந்தது என்றும் தலைக்கு 220 பொன் தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். இத்தனை குதிரை செத்ததற்குப் போலோ தரும் காரணம்தான் முக்கியம்: லாடம் அடிக்கத் தெரிந்தவரும் குதிரைக்குப் பக்குவம் பார்க்கத் தெரிந்தவரும் இங்கே கிடையாது, அப்படிப்பட்டவர் எவரையும் வணிகர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. இருக்கிற குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்? அந்தக் காயல் இன்றைய பழையகாயல்தான் என்று கால்டுவெல் சொன்னார்; காயல்பட்டினத்தார் அதை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொட்டித் துறை இடம் மாறிய கடற்கரை இது. வழக்கு அப்படியே இருக்கட்டும். எழுநூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் குதிரைக் கணக்குக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கு ரேடியோவில் ஓடும் முதல் விமானம் வாங்குவதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கட்சி. முதல் விமானத்தை அது எப்படிப் பறக்கும் என்று பார்த்து வாங்கக் கூடாது. விழுந்த பிறகு வீட்டிலேயே அதை என்ன செய்ய முடியும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போலோ காதில் விழுந்ததையெல்லாம் எழுதியவர், அவரை நம்பலாமா என்று கேட்பது நியாயம். குதிரை செத்ததற்கு வெக்கையும் ஈரக் காற்றும் காரணமாக இருக்கலாம். லாடக்காரரை வர விடவில்லை என்பது துறைமுகத் திண்ணைப் பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் போலோவைப் பார்க்காமல் எழுதிய வஸ்ஸாஃபும் தீனியைத்தான் குறை சொல்கிறார்: பச்சை வாற்கோதுமை தின்ன வேண்டிய மிருகத்துக்கு வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்களாம். காரணம் எதுவானாலும் நடந்தது ஒன்று. குதிரை வந்தது, குதிரையை வைத்துக்கொள்ளும் கை கூட வரவில்லை, அதனால் வாங்கல் ஓயவேயில்லை. அந்தக் குதிரையைக் கொண்டுவந்த கப்பல்களின் உலகத்திலோ நிலைமை நேர் எதிர். தூத்துக்குடிக் கரையில் தோணி கட்டிய ஓடாவிகளுக்கு வரைபடம் வேண்டியிருக்கவில்லை. கண்ணளவும் கையளவும் போதும். பருவம் முடிந்ததும் தோணியைக் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிப்பார்கள். பழுது பார்ப்பது அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தது. சுக்கான், மாலுமி என்ற சொற்களே அரபியிலிருந்து இந்தக் கரையோரத் தமிழுக்கு ஏறியவை. கப்பல் விஷயத்தில் பொருளோடு சொல்லும் வேலையும் கூடவே வந்து தங்கின. குதிரை விஷயத்தில் பொருள் மட்டும் வந்தது.

பறக்கும் விளையாட்டுச் சாமான்களின் வரலாற்றிலும் இந்த இரண்டு வழியும் உண்டு. பனை நிற்கிற ஊர்களில் பிள்ளைகளின் முதல் பறப்புக் கருவி ஓலைக் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டை மடித்துக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, காற்றுக்கு எதிரே ஓடினால் சுற்றும். முள் இறுகிவிட்டால் சுற்றாது, தளர்ந்தால் கழன்று ஓடும். எவ்வளவு விட வேண்டும் என்பதை விரலே கற்றுக்கொள்கிறது. அடுத்தது பட்டம்: தென்னை ஈர்க்கு, பழைய செய்தித்தாள், சோற்றுப் பசை. குட்டிக்கரணம் அடித்தால் வாலை நீட்டு, தூக்கவில்லை என்றால் சூத்திரத்தை மாற்றிக் கட்டு. கிழியாத பட்டம் எந்தத் தெருவிலும் இருந்ததில்லை. கிழிந்ததற்காக யாரும் கடைக்கு ஓடியதுமில்லை. அமெரிக்காவிலும் கதை வேறில்லை. 1878இல் மில்டன் ரைட் தன் மகன்களுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் பெனோ வடிவமைத்தது, தக்கையும் மூங்கிலும் காகிதமும், முறுக்கிய ரப்பர் பட்டையில் மேலேறும். வில்பரும் ஆர்வில்லும் அது உடையும் வரை ஆடினார்கள், உடைந்ததும் தாங்களே செய்தார்கள். பெரிதாகச் செய்யச்செய்ய அது பறக்க மறுத்தது. அளவு இரட்டித்தால் வேண்டிய சக்தி இரட்டிப்பதோடு நிற்காது என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. அந்தப் புதிரைக் கையில் கொடுத்தது, கடையில் வாங்கிய நல்ல பொம்மையைவிடச் சரியாகப் பறக்காத சொந்தப் பொம்மைதான் என்று நினைக்கிறேன். சென்னையில் 1910இல் பறந்த டி ஏஞ்சலிஸின் விமானமும் கப்பலில் வந்து இறங்கியதல்ல. மவுண்ட் ரோடு ஓட்டல்காரரான அவர், வண்டி கட்டும் சிம்சன் கம்பெனியில் சொல்லிச் செய்வித்தது.

ரேடியோ இந்தக் கதைக்குள் வந்தது பிந்தித்தான். 1937இல் அமெரிக்காவின் இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் ரேடியோவால் ஒரு மாதிரி விமானத்தைத் திருப்பிக் காட்டினார்கள். விமானத்தையும் கருவியையும் அவர்களே செய்தார்கள், வேறு வழியும் இல்லை. 1940 வாக்கில் ஜிம் வாக்கர் பரப்பிய இரட்டைக் கம்பி முறை இன்னும் எளிது: கையில் ஒரு பிடி, அதிலிருந்து இரண்டு கம்பி, நடுவில் நிற்பவரைச் சுற்றி விமானம் வட்டமிடும். இந்தியாவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் பழக்கமானது இந்தக் கம்பி வழியாகத்தான். 1950இல் தொடங்கிய என்.சி.சி. விமானப் பிரிவு மாதிரி விமானத்தைப் பாடமாகவே வைத்தது. பால்சா மரத் தகட்டைப் பிளேடால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, காகிதம் போர்த்தி மாணவர்களே செய்தார்கள். ரேடியோ வகை இங்கே அரிதாக இருந்ததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. 1933ஆம் வருடத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்தக் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. வெளிநாட்டிலும் தொல்லை இருந்தது: ஒரே அலைவரிசையில் இருவர் சுவிட்சைப் போட்டால் ஒருவர் விமானம் கட்டாயம் கீழே. அதனால் மன்றங்களில் அலைவரிசைப் பலகை வைத்து, துணி மாட்டும் கிளிப்பை எடுத்தவரே பறக்கவிடலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்தியா உரிம விலக்கு அளித்தது. மாதிரி விமான ரேடியோக்கள் அந்த அலைக்கு மாறத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான். லித்தியம் பேட்டரியும் பஞ்சுபோன்ற ஃபோம் உடலும் கூடச் சேர்ந்ததும், செய்ய வேண்டிய பொருளாக இருந்தது பெட்டியைத் திறந்தால் பறக்கும் பொருளாகிவிட்டது.

காயல்பட்டினத்துக்கு இப்படிப்பட்ட பெட்டிகள் புதிதல்ல. இலங்கை, வளைகுடா, ஹாங்காங் என்று பிழைக்கப் போகிற ஊர். 1970களில் உலகுக்கே பொம்மை ஏற்றுமதி செய்த இடங்களுள் முன்னணியில் இருந்தது ஹாங்காங். வெளிநாடு போய்வரும் சபுராளி வீட்டுப் பெட்டியில் பிள்ளைகளுக்கான சாமான் எப்போதும் ஒரு மூலையில் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அன்பின் எடை அது. ஆனால் வந்த பொம்மை நின்றுபோனால் அடுத்த விடுமுறை வரை பரணில்தான் கிடக்கும். இப்போது அந்த வழியும் குறுகிவிட்டது: முழுதாகச் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் அரசு தடை விதித்தது, உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. குதிரைக்குத் தடை, லாடத்துக்கு இல்லை. உள்நாட்டுத் தொழிலுக்காகப் போட்ட விதிதான். தெரியாமலேயே போலோவுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

காலம் மாறிவிட்டது, உள்ளே இருக்கிற ஜைரோவே விமானத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது, பிள்ளை முதல் நாளே பறக்கவிடலாம், பிறகு ஏன் பழுதைப் பற்றிப் பேச்சு என்று ஒருவர் கேட்பார். ஜைரோ நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். நம்மை நோக்கி வரும்போது அதே தள்ளல் இடப்பக்கமாகத் தெரியும். புதிதாகப் பிடிக்கிற யாரும் இங்கேதான் தடுமாறுவார்கள். ஜைரோ சாய்வை நிமிர்த்தும், எந்தப் பக்கம் தென்னை நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. இன்னொருவர், நாலு விசிறி ட்ரோன் வாங்கினால் கையை எடுத்தாலும் அந்தரத்தில் நிற்குமே என்பார். நிற்கும், நிறுத்துவது உள்ளே இருக்கிற கணினி. பிள்ளைக்குக் கிடைப்பது கேமராப் படம், காற்று அல்ல. விசிறி நின்றால் ட்ரோன் கல்லாக விழும், இறக்கை உள்ளது சறுக்கிக்கொண்டு இறங்கும். அந்தச் சில நொடிச் சறுக்கலில்தான் இறக்கை என்றால் என்ன என்பது புரிகிறது. அப்துல் கலாமுக்கு யார் விமானம் வாங்கிக் கொடுத்தார்கள் என்றும் கேட்கலாம். யாரும் கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் ராமேஸ்வரம் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவையைக் காட்டினார். அதற்கும் முன்பே தகப்பனார் கரையில் மரப்படகு கட்டுவதைக் கூட நின்று பார்த்த பிள்ளை அவர். அந்தப் படகு பிறகு புயலில் போனதையும் பார்த்தார்.

இனி வாங்கும் விஷயம். இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும், இரண்டு நுனியும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும்; அப்படிப்பட்டது சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும். போர் விமான வடிவத்துக்குப் பிள்ளை அடம் பிடிக்கும், கொடுக்கக் கூடாது. விசிறி மூக்கில் இல்லாமல் பின்னால் இருந்தால் முதல் இருபது விழுகையிலும் தப்பிக்கும். விசை, உயர்த்தி, சுக்கான் என்ற மூன்று கட்டுப்பாடு போதும். இறக்கை மடிப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேட்டரியும் சுக்கானை அசைக்கும் சின்ன மோட்டாரும் தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவையா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்; எல்லாம் ஒரே பலகையில் ஒட்டியிருந்தால் அது காயலுக்கு வந்த குதிரை. ஊரில் இதற்குக் கடை இல்லையே என்ற மறுப்பு வலுவானது, ஆனால் கடை இல்லாத ஊரில்தான் உடலைத் தெர்மாகோல் இனத்தில் வாங்குவது இன்னும் அவசியமாகிறது. மீன் வரும் வெள்ளைப் பெட்டி காயல்பட்டினத்துச் சிங்கித்துறைப் பக்கம் கிடைக்கும், மூங்கில் சிராய் எங்கும் கிடைக்கும். ஒன்றே எச்சரிக்கை: அந்த வெள்ளைத் தெர்மாகோலில் ஃபெவிக்விக்கை விட்டால் ஒட்டாது, பொசுபொசுவென்று கரைந்து குழி விழும். வெள்ளை ஃபெவிகாலைத் தடவி, முறிந்த இடத்தில் மூங்கில் சிராய் ஒன்றைக் குறுக்கே பதித்து, டேப் சுற்றி, ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் அந்த இடம் பழைய இடத்தைவிடக் கெட்டியாக இருக்கும், சற்றுக் கனமாகவும் இருக்கும். மூக்கு எடையைத் திரும்பச் சரிபார்க்க வேண்டிய பாடம் அங்கே தொடங்குகிறது. லித்தியம் பேட்டரியில் மட்டும் பிள்ளையின் கைவேலை கூடாது. உப்பிப்போனால் மறுபடி பயன்படுத்தக் கூடாது, சார்ஜ் ஏறும்போது பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் பெரிய தடையல்ல. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. வியாபாரத்துக்கு அல்லாமல் பறக்கவிட இரண்டுக்கும் விமானிச் சான்று தேவையில்லை. ஆனால் சிவப்பு மண்டலம் எது என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். திருச்செந்தூர் தாண்டிக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28இல் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. இந்தக் கரையின் வானம் இனி பழைய வானமாக இருக்காது.

சட்டத்தைவிடக் காற்று கண்டிப்பானது. திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காட்டில் 1986லேயே காற்றாலை நட்டார்கள் என்றால் சும்மா இல்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று மலைக் கணவாயில் புகுந்து, சமவெளி முழுக்க ஓடி, காயல்பட்டினம் கடற்கரையில் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்கும். கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று அது. அரைக் கிலோ ஃபோம் விமானம் ஒருமுறை கரை தாண்டிவிட்டால் மூக்கைத் திருப்பி வீடு வந்து சேராது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். தை பிறந்த பிறகு காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், காலை ஏழு மணிக்கு முன்னால் அதுவும் அடங்கியிருக்கும். அப்போது விழுந்தால் மணலில் விழும். சுக்கான் கீலில் ஏறிய மணலை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், ஊதக் கூடாது, வாயீரம் பட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் தண்டில் உப்பு பூத்திருந்தால் நல்ல தண்ணீர் தொட்ட துணி, பிறகு காய்ந்த துணி, பிறகு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய்.