நேர்முகம் என்னும் கடைசி வாசற்படி



நீதிபதிப் பணிக்கு எழுத்துத் தேர்வு எழுதும்போது விடைத்தாளில் எண்தான் இருக்கும். நேர்முக அறைக்குள் நுழையும்போது பெயரும் ஊரும் பேச்சு வழக்கும் கூடவே நுழைகின்றன. அந்த அறையில் 'இத்தனை மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும்' என்று விதி வைத்தால், எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவரையும் வெளியே நிறுத்திவிடலாம். இந்த விதியை எதிர்த்த வழக்குகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நேர்முக மதிப்பெண் பற்றிய சண்டை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு ஒதுக்கப்பட்டதைப் பெரியகருப்பன் வழக்கில், 1970இல், உச்ச நீதிமன்றம் அதிகம் என்றது. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்துக்குத் தருவது தன்னிச்சையானது என்றது. 1981இல் லீலா தர் வழக்கில், ராஜஸ்தான் நீதித்துறைப் பணிக்கு 25 சதவீத நேர்முக மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டது. மாணவர் சேர்க்கை வேறு, வேலைக்கு ஆள் எடுப்பது வேறு என்பது அதன் வாதம்.

நீதித்துறை ஊதியம் பற்றி ஆராய்ந்த ஷெட்டி ஆணையம் 1999இல் தன் அறிக்கையைத் தந்தது. நேர்முகத்துக்கு 50 மதிப்பெண் போதும், அதில் குறைந்தபட்ச மதிப்பெண் கூடாது என்று அது பரிந்துரைத்தது. ஆனாலும் உயர் நீதிமன்றங்கள் அந்தக் குறைந்தபட்சத்தைக் கைவிடவில்லை.

ஆந்திராவில் மாவட்ட நீதிபதித் தேர்வும் நேர்முகமும் முடிந்த பிறகு இந்த விதியைப் புகுத்தினார்கள். 2008இல் மஞ்சுஸ்ரீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். கேரளத்திலும் இதுவே நடந்தது. 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று அறிவித்தது. ஆனால் பணியில் சேர்ந்தவர்கள் ஆறாண்டுகளைக் கடந்துவிட்டார்கள், அவர்களை வெளியேற்ற முடியாது என்றும் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் வென்றார்கள்; வேலை கிடைக்கவில்லை.

பிறகு, 2024 மே மாதம், பீகார், குஜராத் விதிகளைப் பற்றிய அபிமீத் சின்கா வழக்கில் தீர்ப்பு வந்தது. பீகாரில் நேர்முகத்தில் 20 சதவீதம், குஜராத்தில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். இரண்டுமே செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஷெட்டி பரிந்துரை அங்கே எடுபடவில்லை.

ஆக, தேர்வு முடிந்த பிறகு கொண்டுவந்தால் குற்றம். முன்கூட்டியே எழுதி வைத்தால் சட்டம். காலம் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அறைக்குள் அமர்ந்து மதிப்பெண் போடுபவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டின் ஏ.வரதராஜன் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். அவர் கீழமை நீதிமன்றத்திலிருந்து படிப்படியாக மேலே போனவர். கீழ்ப்படி அடைபட்டால் மேல்படிக்கு ஆள் எங்கிருந்து வரும்?

இனி வழக்கோடு நின்றுவிட முடியாது. விதி எழுதப்படும் கட்டத்திலேயே நாம் குறுக்கிட வேண்டும். நேர்முகக் குழுவில் தலித்துகளும் பெண்களும் இருக்க வேண்டும். எழுத்து மதிப்பெண் குழுவுக்குத் தெரியக் கூடாது. எழுத்து, நேர்முக மதிப்பெண்களைப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அவற்றைக் கேட்டு வாங்குங்கள், சட்டம் படிக்கும் மாணவர்களே. கணக்கு கையில் இருந்தால்தான் அடுத்த வழக்கில் பாகுபாட்டை நிரூபிக்க முடியும்.