எலக்ட்ரான் ஆற்றலும் ஒளி உந்துகையும்: விடுபட்டுப்போன உந்தக் கணக்கு

அணுவில் எலக்ட்ரான் ஓயாமல் சுற்றுகிறது என்பார்கள். அந்தச் சுழற்சியின் ஆற்றலைக் கறந்து ஒளியாக்கினால் எரிபொருளின்றி விண்கலம் செலுத்தலாம் என்ற கருத்து பல வடிவங்களில் முன்வைக்கப்படுகிறது. மறுப்போர் பெரும்பாலும் ஆற்றல் அழிவின்மை விதியோடு நின்றுவிடுகின்றனர். மறுப்பு சரியே. ஆனால் இக்கருதுகோள் உடைவது உந்தக் கணக்கில் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆற்றல் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மரபு இயற்பியலின்படி, சுற்றும் எலக்ட்ரான் கதிர்வீசியபடியே ஏறக்குறைய 10⁻¹¹ நொடியில் அணுக்கருவில் விழ வேண்டும். விழாததை விளக்கவே நீல்ஸ் போர் 1913இல் நிலைத்த சுற்றுப்பாதைகளை எடுகோளாகக் கொண்டார். பின்வந்த குவாண்டம் இயங்கியல் பாதை என்ற படிமத்தையே கைவிட்டது. ஹைட்ரஜனின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையான அடிநிலையின் ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட்; அதிலிருந்து கறக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அதற்கும் கீழே நிலைகள் உண்டு என்ற ராண்டல் மில்ஸின் 'ஹைட்ரினோ' கருத்தை இயற்பியலாளர்கள் பொதுவாக ஏற்கவில்லை.

வாதத்துக்காக, அப்படியொரு கீழ்நிலை உண்டென்றே கொள்வோம். எலக்ட்ரான் அதில் இறங்கும்போது வெளிவரும் ஃபோட்டானின் உந்தம், அதன் ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பதுதான். ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று சமன்பாடு கேட்பதில்லை. ஒளி முழுவதையும் ஒரே திசையில் அனுப்பினாலும், 1 நியூட்டன் உந்துவிசைக்கு 300 மெகாவாட் வேண்டும். 1 நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் பொருளின் எடை. ஒளி கலத்தின் உட்சுவரிலேயே பட்டு நின்றால் நிகர விசை சுழியம். அந்த ஆற்றலால் வாயுவைச் சூடாக்கி வெளியேற்றலாமே என்றால், அது வழக்கமான ராக்கெட். ஒளி உந்துகை அன்று.

எலக்ட்ரான் தாவலுக்கும் ஒளி உந்துகைக்கும் மெய்யான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. 1933இல் ஓட்டோ ஃபிரிஷ் சோடிய அணுக்கற்றைமீது சோடிய விளக்கொளியைப் பாய்ச்சி, கற்றை மிகச் சிறிதளவு விலகுவதைக் கண்டார். 589 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றை ஏற்கும் சோடிய அணுவின் வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டர்தான் மாறும். ஆனால் கிளர்நிலை 16 நானோநொடியே நீடிப்பதால், லேசர் ஒளியில் அணு நொடிக்குச் சுமார் 3 கோடி முறை ஃபோட்டானை ஏற்று உமிழலாம். ஏற்கும்போது படும் உதைகள் ஒரே திசையில் கூடுகின்றன. உமிழும்போது படுபவை பல திசைகளிலும் சிதறி ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. விளையும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு! 1997ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற லேசர் குளிர்விப்பு இவ்விசையைச் சார்ந்தே வளர்ந்தது. உந்தம் தருவது வெளியிலுள்ள லேசர். எலக்ட்ரான் இடைத்தரகர் மட்டுமே.

2010இல் ஜப்பான் ஏவிய இகாரோஸ் என்னும் சூரியப்பாய்க் கலத்துக்கும் உந்தம் வெளியிலிருந்தே, சூரியனிலிருந்தே, வந்தது. 14 மீட்டர் பக்கமுள்ள அதன் சதுரப் பாய் பெற்ற உந்துவிசை 1.12 மில்லிநியூட்டன். 2016இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம் 100 கிகாவாட் அளவிலான லேசரைத் தரையில் நிறுத்தி, சில கிராம் எடையுள்ள கலத்தை ஒளிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு முடுக்க எண்ணியது. இதுவும் ஊகமே, ஆயினும் உந்தக் கணக்கை மறைக்காத ஊகம்.

எலக்ட்ரான் ஆற்றலால் கலம் செலுத்த முன்வருவோர் எத்தனை வாட்டுக்கு எத்தனை நியூட்டன் என்பதை முதற்பக்கத்திலேயே எழுதட்டும். கலத்திலிருந்து உமிழும் ஒளியால் நியூட்டனுக்கு 300 மெகாவாட்டுக்கும் குறைந்த கணக்கைக் காட்டுவோர், ஒளியைத் தவிர வேறு எதைப் பின்னோக்கி எறிகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.