ஐந்து பவுண்டு அபராதமும் மொட்டமலை முகாமும்

போரில் குழந்தைகளைத் தொடக்கூடாது என்பதை இன்று யாரும் மறுத்துப் பேசுவதில்லை. 1919-இல் லண்டனில் அதைச் சொன்னவரைப் போலீஸ் பிடித்தது. முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகும் தோற்ற நாடுகளுக்கு உணவு போகாதபடி பிரிட்டன் கடலை மறித்து வைத்திருந்தது. பட்டினியால் நலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை டிரஃபால்கர் சதுக்கத்தில் கொடுத்தார் எக்லன்டைன் ஜெப். தணிக்கைக்கு அனுப்பாமல் அச்சிட்டதற்கு ஐந்து பவுண்டு அபராதம். எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் போட்கினே அந்தத் தொகையைத் தர முன்வந்தார். ஜெப் தொடங்கிய 'சேவ் தி சில்ட்ரன்' நிதிக்கு வந்த முதல் நன்கொடை அதுதான் என்பார்கள்.

ஆபத்துக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே என்று ஜெப் எழுதிய ஐந்து அம்சப் பிரகடனத்தை 1924-இல் சர்வதேச சங்கம் ஏற்றது. மீறினால் தண்டனை கிடையாது. இன்னொரு உலகப் போர் முடிந்து 1949-இல் வந்த நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், முற்றுகைக்கு நடுவிலும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உணவை வழிவிட வேண்டும் என்றது. முப்பது வருஷம் முன்பு அபராதம் வாங்கிய கோரிக்கைதான் அது!

அந்த 15 அப்படியே ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளைப் படையில் சேர்ப்பதைத் தடுத்த, ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறைகளும் அதையே வைத்தன. இந்தியாவும் இலங்கையும் அவற்றில் சேரவே இல்லை. 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை 18 வயதுவரை குழந்தை என்றது, துப்பாக்கி ஏந்த மட்டும் 15 போதும் என்று விட்டது. பெரிய நாடுகள் இணங்காததால் நேர்ந்த இந்தச் சமரசத்தை மன்னிக்க மனம் வரவில்லை.

சட்டம் தயங்கியபோது சொட்டு மருந்து முந்திக்கொண்டது. 1985-இல் எல் சால்வடோரில் அரசும் கெரில்லாக்களும் தடுப்பூசிக்காக மூன்று நாள் சண்டையை நிறுத்தினார்கள். சுமார் 2,50,000 குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. லெபனானும் சூடானும் அதைப் பின்பற்றின. 1995 முதல் இலங்கையில் போலியோ நாட்களுக்காக ராணுவமும் புலிகளும் ஆயுதத்தைத் தாழ்த்தினார்கள். அதே 1995 செப்டம்பரில்தான் வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பள்ளியில் விமானக் குண்டு விழுந்து மாணவர்கள் மாண்டார்கள்.

1998-இல் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குப் போனார். நாடல்லாத இயக்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. அதனால் புலிகளிடம் வாக்குறுதி வாங்கினார்: 17 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை, 18-க்குக் கீழே களத்துக்கு அனுப்புவதில்லை. குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு 2000-இல் வந்த விருப்ப நெறிமுறை, ஆயுதக் குழுக்களுக்கு 18-ஐயே எல்லையாக்கியது. இலங்கை அதே ஆண்டில் ஏற்றது. ஆனாலும் 2003 முதல் 2008 முடிய புலிகள் பிள்ளைகளைச் சேர்த்ததாக 6,000-க்கும் மேற்பட்ட சம்பவங்களை யுனிசெஃப் பதிவு செய்தது. கொடுத்த வாக்கு காக்கப்படவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகள்.

பிள்ளையைக் காப்பாற்ற அம்மாக்கள் தமிழகத்துக்குப் படகேறினார்கள். மண்டபத்தில் இறங்கியவர்களில் சில குடும்பங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே மொட்டமலை முகாமுக்கு வந்து சேர்ந்தன. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992-இல் ஏற்ற இந்தியா, 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இன்றுவரை இல்லை. ஆகவே இங்கே ரேஷன், உதவித்தொகை, பள்ளிக்கூடம் எல்லாம் தமிழக அரசின் ஆணைகளால் வந்தவை. நல்ல ஆணைகள்தான், ஆனால் உரிமை அல்ல. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது.

பிறப்பால் குடியுரிமை தரும் விதி 1987 ஜூலை 1-இல் இறுகியது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பின், பெற்றோர் இருவரும் அகதிகளாக இருக்க, முகாமில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. போரைக் கண்ணால் பார்க்காமல் இங்கேயே பிறந்து படித்த பிள்ளைகள் வெளிநாட்டவர் என்றே பதிவில் இருக்கிறார்கள்.